புதுவாயலில் இறங்கவும்

காரணிப்பேடு,
9.12.2007

அன்புள்ள மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் மாடுகள் இரண்டும் நலம். இந்த நலத்தில் என் முழங்காலைச் சேர்க்கவில்லை, அது என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன், சில வாரமாக மாப்பிள்ளையின் முதுகையும் பெயர் சொல்லிச் சேர்த்துக் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. இவ்வளவு தாமதமாக நான் யாருக்கும் பதில் எழுதியதில்லை, சத்துணவு ஆபீசுக்கு எழுதும் அறிக்கையைத் தவிர. தை பிறக்கிற சமயத்தில், போகியிலிருந்து பத்து நாள் லீவு கிடைக்கிறது, எங்கேயாவது சத்தம் இல்லாத கிராமத்தில் தங்கிவிட்டுப் போகலாம் என்று இருக்கிறோம், நம் ஊருக்கு வருவதென்றால் இப்போது எந்த வழி சௌகரியம், அவருக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது, வண்டியில் குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வழி சரிப்படாவிட்டால் ஏற்காட்டில் ரூம் போட்டுவிடுகிறோம் என்று எழுதியிருந்தாய். இருபத்து மூன்று வயது வரைக்கும் இந்த ஊரிலேயே கிடந்தவள் ஊருக்கு வழி கேட்கிறாள். நான் என்ன அவ்வளவு மக்கா. நீ பஸ்ஸைப் பற்றியா கேட்டாய், வந்து இறங்கினால் நைனா உள்ளே வா என்பாரா, இல்லை நாலு வருஷம் முன்னால் சொன்னதையே சொல்வாரா என்று கேட்டாய். அதை நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு ரோடு, டாக்டர், ஏற்காடு என்று சுற்றி வந்திருக்கிறாய். சுற்றி வருவது உன் நைனாவிடமிருந்து உனக்கு வந்த குணம், அதைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் நைனா எப்படி இருக்கிறார் என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தாய், கண்ணாடியைத் துடைத்து வெயிலில் பிடித்துப் படித்தேன்.

போனில் சொல்லலாமே என்பாய். நம் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் பம்ப்செட் கொட்டகையின் மேல்தளம். ஏணி வைத்து ஏறி நின்று பேசினால் நான் மஸ்கட்டோடு பேசுகிறேனா ஊரோடு பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். பக்கத்து நிலத்து அஞ்சம்மாள் கீழே வரப்பில் நின்றுகொண்டு நான் உன்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொல்கிறாள். அதனால் கடிதம்தான் நமக்கு லாயக்கு. பதிவேடு எழுதி எழுதி எனக்குக் கையும் பழகிப்போயிற்று, காலைப் போலக் கை இன்னும் முரண்டு பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை நைனாவிடம் நீட்டினால் வாங்க மாட்டார் என்று தெரியும். ஆகவே மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது, மாட்டுக்கு வந்த கடிதம் மாதிரி உரக்கப் படித்தேன். அவர் கொட்டகைக்குப் பின்னால் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் கயிற்றோடு முன்னால் வந்தார். அப்புறம், அவரும் மாட்டைப் பார்த்துத்தான், 'டிஸ்க்குன்னா இன்னா?' என்று கேட்டார். மோட்டாரில் உரசாமல் இருக்கப் போடுகிற புஷ் மாதிரி முதுகெலும்புக்கு நடுவில் ஒன்று இருக்கும், அது நகர்ந்தால் எலும்பும் எலும்பும் உரசும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் மோட்டார் பாஷையில் சொன்னேன். ஊம் என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு ஊம் என்பதை வைத்துக்கொண்டு நான் உனக்கு என்ன பதில் எழுதுவது.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்கிறேன். நீயும் ஆஷிக்கும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து உன் நைனா புதுவாயல் கூட்டு ரோட்டை மிதிக்கவில்லை. உன் மாமனார் ஹயாத் பாஷா பாயின் பைப், மோட்டார் சாமான் கடை அந்த முக்கில் இருக்கிறதல்லவா, அது ஒன்றுதான் காரணம். முன்பெல்லாம் ஒரு வாஷர் வாங்கப் போனாலும் மத்தியானம் ஆகிவிடும், இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து இந்தத் தாலுகாவில் உள்ள மோட்டார்களின் உடல்நிலையை எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இப்போது கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டுமென்றால் நைனா ஊத்துக்கோட்டை போய், அங்கிருந்து சத்தியவேட்டுக்குள் நுழைந்து, ஆந்திராவை ஒரு ஓரமாகக் கடந்து, அந்தப் பக்கமாகக் கவரப்பேட்டையில் வந்து வெளியே விழுகிறார். ஒரு கடைப் பலகையைப் பார்க்காமல் இருக்க ஒரு மாநிலத்தைச் சுற்றுகிற மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன். அந்தப் பக்கம் பாய் மட்டும் லேசுப்பட்டவரா, மகன் வாசலை மிதிக்கக் கூடாது என்று அவரும் சொன்னவர்தானே. இரண்டும் ஒரே கம்பெனி மோட்டார், ஒரே மாதிரி சூடாகும்.

நைனாவின் வாயிலிருந்து பதில் வாங்க முடியாது, ரோட்டின் வாயிலிருந்தாவது வாங்குவோம் என்று தீர்மானித்து, சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒவ்வொரு வழியையும் நானே போய்ப் பார்த்தேன். குலுக்கலை அளக்க என்னிடம் என்ன கருவி இருக்கிறது. முதல் நாளே தூக்குச்சட்டியில் பாலை உறை ஊற்றி, கட்டித் தயிராக எடுத்துக்கொண்டு போவது, வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்ப்பது, தயிர் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் மாப்பிள்ளையின் முதுகு. இதை நைனாவிடம் சொல்லவில்லை, ஆனால் தூக்கோடு நான் போவதையும் தூக்கோடு வருவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முதலில் திருவள்ளூர் வழி. விமானத்திலிருந்து இறங்கி, திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து சென்ட்ரல் போய், திருவள்ளூர் ரயில் பிடிக்க வேண்டும். அந்தப் பகுதி உனக்குத் தெரிந்ததுதான் என்று நான் திருவள்ளூரிலிருந்து ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவு கேஸ் அடுப்பைக் காக்களூரில் ஒரு பட்டறையில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், அதைக் கேட்கப் போவதாகச் சாக்கு. அடுத்த வாரம் வாங்க மேடம் என்றார்கள், ஆறாவது வாரமாக. அங்கிருந்து ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது, கிடைத்தது என்றா சொல்வது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒருமுறை எழுந்து நின்று மரியாதை செய்தேன். ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ. ஏழு பேர் உட்கார்ந்தாயிற்று, கிளம்பேன் என்றால், பதிமூன்று பேர் சேராமல் சாவியைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான் அந்தக் கலியன், நம் ஊர்ப் பூசாரியின் மச்சினன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதுகு வலிக்காரர் ஒருவர் வந்தால் உன் வண்டியில் வரலாமா என்று கேட்டேன். 'தாராளமா வரட்டும்மா, நம்ம வண்டில ஏறினா அந்த வலி முதுகுலயே நிக்காது, ஒடம்பு பூரா பரவி எங்க வலிச்சிதுன்னே தெரியாம போயிடும்' என்றான். பெருமையாகச் சொல்கிறான் பார். கடைசியில் தரைப்பாலம், மழைத் தண்ணீர் இன்னும் கணுக்காலுக்கு மேலே ஓடுகிறது, ஆட்டோ அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு, தூக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கடந்தேன். வீட்டில் வந்து மூடியைத் திறந்தால் தயிர் இல்லை, மோரின்மேல் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் மிதந்தது. நைனா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கெல்லாம் படுத்த இடத்திலும் எனக்குப் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரம் கார் வழி. செங்குன்றம், பெரியபாளையம் வந்து இந்தப் பக்கம் திரும்புவது. ஊத்துக்கோட்டையில் வாடகைக் கார் வைத்திருக்கிற துளசிராமன் செங்குன்றத்துக்கு யாரையோ விடப் போகிறான், திரும்பும்போது காலி வண்டிதான் என்றான், சரி என்று ஏறிக்கொண்டேன். காலி வண்டி என்பது அவன் அகராதியில் என்ன தெரியுமா, ரோட்டோரம் தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வது. அவனுக்குத் தெரியாத முகம் இந்த ஜில்லாவில் கிடையாது. பெரியபாளையம் வருவதற்குள் என் மடியில் ஒரு கூடை கத்தரிக்காயும், என் தோளில் தூங்குகிற ஒரு அம்மாளும். அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட கதையையும் வழியெல்லாம் சொன்னான், காரணம் கேட்டால் நீயே சிரிப்பாய், அவளை சினிமாவுக்குக் கூட்டிப் போகிற வழியில்கூட நாலு பேரை ஏற்றிக்கொண்டானாம். வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன், பிள்ளைகளின் தலையை எண்ணுகிற பழக்கம், நாற்பத்தொன்று, அதில் ஊர்க்காரர்கள் தாங்களே மண்ணைக் கொட்டிப் போட்டது பன்னிரண்டு. இத்தனையும் தாண்டி நம் ஊர் மண்ரோட்டில் நுழைந்ததும் முன்சக்கரம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன், ஐம்பத்து மூன்று வயதில், கத்தரிக்காய்க் கூடையை வரப்பில் வைத்துவிட்டு. தயிர் பாதி அவன் சீட்டில், மீதி என் புடவையில். இதுவரை வண்டியில் வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயிர் எடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவனுக்குக் கிண்டல் வேறு.

இந்த இரண்டும் நைனா வாயால் சொல்லக்கூடிய வழிகள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எல்லாவற்றிலும் அதுதான் நல்லது என்று எனக்கு முதலிலேயே தெரியும். நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்தி இப்போது வழவழ என்று இருக்கிறது, விமான நிலையத்தில் டாக்சி பிடித்தால் புதுவாயல் வரைக்கும் ஒரு பள்ளம் கிடையாது. புதுவாயலிலிருந்து நம் ஊர் பக்கம்தான். ஆனால் புதுவாயல் என்ற சொல்லை நம் வீட்டில் சொல்லி நாலு வருஷம் ஆகிறதே. உன்னிடமும் சொல்ல முடியாமல், அவரிடமும் சொல்ல முடியாமல், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நானே ஒரு தரைப்பாலமாகக் கிடக்கிறேன் இளமதி, மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அலுத்துவிட்டது. அலுப்பில்தான் துணிச்சல் வருகிறது போலிருக்கிறது, மூன்றாவது சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியில் எண்ணெய் டின் விஷயமாக ஆபீசரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை வரச் சொன்ன ஆபீசர் இல்லை, அது பழக்கம்தான். திரும்புவதற்கு ஒரு மணி நேரமாகப் பஸ்ஸும் இல்லை. நம் பக்கத்து ஜனங்கள் என்ன செய்வார்கள், கம்பெனி பஸ்ஸுக்குக் கையைக் காட்டுவார்கள், டிரைவரும் பாவம் என்று முக்கில் இறக்கிவிடுவார். நானும் ஒரு நீல பஸ்ஸுக்குக் கையைக் காட்டி ஏறினேன். உள்ளே எல்லாம் பெண்பிள்ளைகள், ஒரே நிறத்தில் கோட்டு, எல்லாரும் தலையைச் சாய்த்துத் தூக்கம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற தூக்கத்துக்கும் கம்பெனி வேலையை முடித்துவிட்டுப் போகிற தூக்கத்துக்கும் பார்த்தால் வித்தியாசமே தெரிவதில்லை. நானும் கொஞ்சம் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தால் பஸ் ஒரு பெரிய கேட்டுக்கு உள்ளே நிற்கிறது, செக்யூரிட்டி தலை எண்ணிக்கொண்டிருக்கிறார், முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டார், அதில் ஒன்று நான். ஐயா நான் தவறி வந்துவிட்டேன் என்றால், உள்ளே வந்த ஆள் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போக முடியாது, முதல் ஷிப்டைக் கூட்டிக்கொண்டு இதே பஸ் ஒன்றரை மணி நேரத்தில் போகும், அதில் போங்கள் என்கிறார். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று என் தூக்கை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்து ஒரு சீட்டுக் கட்டினார். தயிருக்கு டோக்கன் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

ஓரமாக உட்காரலாம் என்று போனால் மணவாளன் என்று ஒரு சூப்பர்வைசர், புது ஆளா, இந்த வயசில் எல்லாம் கான்ட்ராக்டில் அனுப்புகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டு, என் கையில் ஒரு குல்லாயும் உறையும் கொடுத்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் மேஜையில் நிறுத்திவிட்டார். நான் சொல்லச் சொல்ல மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, கேட்கிற ஆளாகவும் தெரியவில்லை. சரி, சும்மா நிற்பதற்கு ஒட்டலாம் என்று ஒட்டினேன். உன் அம்மா ஒன்றரை மணி நேரம் கம்பெனி வேலை பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, மெதுவா ஒட்டுங்க ஆன்ட்டி, நாளைக்கு எங்களையும் இதே வேகத்துக்கு ஒட்டச் சொல்வாங்க என்று காதில் சொன்னாள். மணவாளன் கடைசியில் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமையும் இதே நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்றார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் ஒருவர் என் வேலையை மெச்சியது அதுதான் முதல் தடவை, அதுவும் என் வேலை இல்லாத வேலையில்.

பஸ் என்னை எங்கே இறக்கிவிட்டது என்று நினைக்கிறாய். புதுவாயல் முக்கில், பாய் கடைக்கு நேர் எதிரே. இறங்கினதும் கால் தரையில் ஊன்றவில்லை, இரண்டு பாதமும் வீங்கி செருப்பை விட்டு வெளியே வந்துவிட்டன. வேறு நிழலும் இல்லை, வேறு பெஞ்சும் இல்லை. வேண்டுமென்று போனேன் என்று நீ நினைத்தாலும் சரி, நானே இன்னும் முடிவுக்கு வரவில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன். கடைக்குப் பின்னாலிருந்து உன் மாமியார் மெஹர்னிசா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்தாள், அப்புறம் ஒரு பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். நாஷ்டா சாப்பிடுங்க அக்கா என்று ஆரம்பித்தவள், நிறுத்தி, 'சம்மந்தி' என்று முடித்தாள். நான் அதைக் கேட்காத மாதிரி தூக்கைத் திறந்தேன். தயிர் வைத்தது வைத்தபடி இருந்தது, மேலே ஒரு விரிசல் இல்லை. எங்கருந்து எடுத்துக்கினு வர்றீங்க, இவ்ளோ கெட்டியா கீதே என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். டேப் ஒட்டினது வரைக்கும் சிரித்தாள். யார் முதுகுக்காக இந்தத் தயிர் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு மகன் லீவில் வருவதே தெரியாது, முதுகு வலியும் தெரியாது. எத்தனை நாளாக, எந்தப் பக்கம், படுத்தால் வலிக்கிறதா உட்கார்ந்தால் வலிக்கிறதா என்று கேட்டாள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, 'எங்க ஊட்டுக்கு வரச் சொல்ல எனக்கு வாய் இல்ல சம்மந்தி. உங்க ஊட்டுக்குப் போறப்போ வண்டி இந்த முக்குல கொஞ்சம் நின்னா போதும், நான் உள்ளருந்தே பாத்துக்குவேன்' என்றாள். அந்தச் சமயத்தில் பாய் வந்தார். என்னைப் பார்த்தார், வெந்நீர்ப் பக்கெட்டைப் பார்த்தார், கல்லாவுக்குப் போய் மேஜை விசிறியை என் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்சம் கழித்து உள்ளே இருந்தே, முகம் தெரியாமல், 'ராஜமாணிக்கம் மோட்டாரு இன்னும் சத்தம் போடுதா?' என்று உன் நைனாவின் பெயரைச் சொல்லியே கேட்டார். போடுகிறது, ஊத்துக்கோட்டையில் மூன்று தரம் புஷ் வாங்கி மாற்றியாயிற்று, பொருந்தவில்லை என்றேன். 'பொருந்தாது. அது இங்க கட்ன மோட்டாரு' என்றார். நான் கிளம்பும்போது மெஹர்னிசா தூக்கை வெறுமையாகத் தரவில்லை, சேமியா பாயசம் ஊற்றி மூடிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பு இல்லை. எங்கே உட்கார்ந்தேன், யார் வெந்நீர் வைத்தார்கள், யார் என்ன கேட்டார்கள் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தினால் நானும் நாலு வருஷத்தைச் சேர்த்துக் கத்தலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர், 'பொருந்தாதுன்னானா?' என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் நான் படுத்துக் கிடந்து எழுந்து பார்த்தால் தூக்கு காலியாக இருந்தது, அலம்பிக் கவிழ்த்தும் வைத்திருந்தது. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் உன் நைனா அலம்பின முதல் பாத்திரம் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். வியாழக்கிழமை டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலை அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கோ வைக்கோல் தருகிறார் என்று விட்டுவிட்டேன். நேற்று அதன்மேல் நம் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஏறியிருந்தது, வெயிலில் காய வைக்கிறார் என்று விட்டுவிட்டேன். இன்று காலையில் என்னைக் கேட்காமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார், மூன்று மணி நேரம் ஆளைக் காணோம். அதற்குள் புதுவாயலிலிருந்து வந்த அஞ்சம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து, உங்க ஊட்டுக்காரு கூட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரத்தாண்ட டிராக்டரை நிறுத்திக்கினு கால் மணி நேரமா பாய் கடைப் பலகையைப் படிச்சிக்கினு கீறாரு, இன்னா சமாசாரம் என்று கேட்டாள். கால் மணி நேரம் படிக்கிற அளவுக்கு அந்தப் பலகையில் எழுத்து இல்லை என்பது உனக்கே தெரியும். அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்து நின்றார். மெத்தைக்கு நடுவில் துணியைச் சும்மாடாகச் சுற்றி, அதில் நம் தூக்குச்சட்டி உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியாமல் அவரே உறை ஊற்றியிருக்கிறார், பாலை எவ்வளவு சூட்டில் வைத்தாரோ, எவ்வளவு மோர் விட்டாரோ கடவுளுக்குத்தான் வெளிச்சம், ஆனால் தயிர் விழுந்திருந்தது. மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, 'கட்டி ஒடையல பாரு' என்றார். பார்த்தேன். உடையவில்லை. நம் ஊர் மண்ரோட்டையும் சேர்த்து, தரைப்பாலம் இல்லாத வழியாக, புளியமரம் வரைக்கும் போய் வந்தும் உடையவில்லை. உப்புப் போட்டுச் சாப்பிடலாமா என்று கேட்டேன். அந்தத் தயிரைத்தான் மத்தியானம் இருவரும் சாப்பிட்டோம், கொஞ்சம் புளிப்பு, சொல்லவில்லை.

கை கழுவிக்கொண்டே அவராகத்தான் பேச்சை எடுத்தார். போகி அன்றைக்குத்தானே வருகிறார்கள் என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை, அதையும் நான் உனக்கு மறைக்கவில்லை. ஆமாம் என்றேன். 'எனக்கும் அன்னிக்குப் புதுவாயல்ல வேல கீது. மோட்டாருக்குப் புஷ் வாங்கணும். கட வாசல்ல வண்டி நிக்கும்னு எழுது' என்றார். எழுதுகிறேன் என்றேன். போனவர் திரும்பி வந்து, டிரெய்லரை இழுத்துக்கொண்டு மூன்றாவது கியருக்கு மேலே போக மாட்டேன், அவசரப்படுகிறவர்கள் ஏற்காட்டுக்கே போகட்டும் என்றும் எழுதச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

ஆகவே மகளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். விமான நிலையத்தில் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையோடு வாருங்கள், புதுவாயலில் இறங்கவும். டாக்சிக்காரன் ஊர்வரைக்கும் வருகிறேன் என்பான், சேற்றில் தள்ள எனக்கு இனிமேல் தெம்பில்லை, கேட்காதே. போகிப் புகையில் விமானம் தாமதமானாலும் பதறாதே, நாலு வருஷம் ஆந்திராவைச் சுற்றினவருக்கு நாலு மணி நேரம் ஒரு கடை வாசலில் நிற்பது பெரிதில்லை, உட்கார அங்கே பெஞ்சும் இருக்கிறது. இறங்கினதும் அவர் உன் முகத்தைப் பார்க்காமல் சாமானைத்தான் முதலில் எடுப்பார், எடுக்கட்டும், நீ ஒன்றும் பேசாமல் ஏறிக்கொள். மாப்பிள்ளை ஒரு பெட்டியையும் தொடக் கூடாது, மெத்தையில் நேராகப் படுத்துக்கொள்ள வேண்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். கடையின் உள்ளே ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறச் சொல், அவன் அம்மா அங்கேதான் நின்றுகொண்டிருப்பாள். முடிந்தால் மெதுவாக ஏறச் சொல், முதுகு வலிக்காரன் மெதுவாக ஏறினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம், வலிக்குத் தேய்க்கிற தைலம் அங்கே நல்லதாகக் கிடைத்தால் இரண்டு பாட்டில், ஒன்று எனக்கு, ஒன்று மெஹர்னிசாவுக்கு, அவளும் நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஏற்காட்டு ரூமுக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் உடனே வேண்டாமென்று சொல்லிவிடு, மறக்காதே. நீங்கள் இருவரும் நோயில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் இருக்க வேண்டும். உன் அம்மா வீங்கின காலோடு ஆசீர்வாதம் செய்கிறேன், வந்ததும் அந்தக் காலிலேயே விழுந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மூன்று வழியும் போய்ப் பார்த்து ஓய்ந்துபோன உன் அம்மா,
ரா. கெங்கம்மாள்

பின்குறிப்பு: உறையில் போடும் முன்னால் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மேலே மூன்றாவது கியர் என்று நான் எழுதியதைப் பென்சிலால் அடித்து, இரண்டாவது என்று திருத்தியிருக்கிறது. இந்த வீட்டில் நானும் அவரும் மாடுகளும்தான் இருக்கிறோம். மாடுகளுக்கு எழுதத் தெரியாது.